பன்னிரண்டாவது போல்ட்

ஒப்பணக்கார வீதியை எனக்குத் தரையில் அவ்வளவாகத் தெரியாது.
பதினைந்தடிக்கு மேலேதான் பழக்கம்.
ஏணி சாய்கிற இடத்திலிருந்து
என் ஊர் ஆரம்பிக்கிறது.

கீழே கண்ணாடிக் கதவு, சேலை கட்டிய பொம்மை, ஏசி.
மேலே சிங்கத்துக்கு ஒரு காது இல்லை.
ஜன்னல் வளைவில் அரசங்கன்று ஒன்று
கார்ப்பரேஷனுக்குத் தெரியாமல் மூன்று இலை விட்டிருக்கிறது.
துப்பாக்கி பிடித்த சுதைச் சிப்பாய்கள் இரண்டு பேர்,
மீசையில் மட்டும் கறுப்பு மிச்சம்,
யார் வீட்டுக்கோ இன்னும் காவல்.

கட்டடத்தின் வயசை
டிரில்லர் போடும்போது கண்ணில் விழும் தூள் சொல்லும்.
சாம்பலாக விழுந்தால் நேற்றைய சிமென்ட்.
சிவப்பாக விழுந்தால் என் அப்பன் காலத்துச் செங்கல்.
வெள்ளையாய், மாவாய், உதட்டில் பட்டுக் காந்தினால்
சுண்ணாம்பு. அப்போது
ஹேமரை அணைத்துவிட்டு மெதுவாகச் சுற்றுவேன்.
இப்போதெல்லாம்.

ஆடி பிறக்க நாலு நாள்.
ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் வேலை.
சேமலையப்பன் ஏணியைப் பிடித்தபடியே தூங்குவான்.
"முழிச்சுத்தானுங்கண்ணா இருக்கறேன்" என்பான்,
கண்ணைத் திறக்காமல்.
பழைய போர்டைக் கழற்றினோம். இருபதுக்கு எட்டு.
யாரோ ஒரு நடிகை
பாதிச் சிரிப்பில் மடங்கிக் கீழே இறங்கினாள்.

பின்னால் கடிகாரம்.

நிஜக் கடிகாரமில்லை, சுண்ணாம்பில் பிடித்தது.
சுற்றிலும் காய் வெடித்த பருத்திச் செடி.
பெ. நஞ்சையன் மண்டி, சுக்கில வருஷம், தை மாசம்.
காசு பத்தாமல் போயிருக்கலாம்.
ஓடாத கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டாமே
என்று யாவாரி கணக்குப் போட்டிருக்கலாம்.
முள் இரண்டும் நாலேகாலில் நின்றன.
"எழுத்தெல்லாம் பாதி பாதியா ஒடஞ்சு கெடக்குது போங்க."
ஒடயலைடா சேமலை, அது நம்ம நம்பர்.
அ மாதிரி இருந்தால் எட்டு.
மத்தது எனக்கும் தடுமாறும்.

ஆறு மணிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை.
அரை இஞ்ச்.
நான் போட்டது, பதினோரு வருஷத்துக்கு முந்தி.
இருட்டு, அவசரம், புதுசாகக் கல்யாணம்,
எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.
வெள்ளைத் தூள் விழுந்தது ஞாபகம் இருக்கிறது.

மேனேஜரைப் போனில் எழுப்பினேன்.
"ஒரு அடி எடது பக்கம் தள்ளிக்கலாமுங்களா?"
"லோகோ நடுவுல வரணுமுங்க. ஏன், என்ன அங்க?"
"கடியாரமுங்க."
"ஓடுதா?"
"இல்லீங்க."
"அப்பறம் என்னுங்க."

புது பிரேமுக்குப் பன்னிரண்டு ஓட்டை.
பதினொன்று செங்கல்லில் போயிற்று.
கடைசிக்கு அடையாளம் வைத்தால்
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் வருகிறது.
பிட்டை வைத்தேன்.
எதிர் மாடியில் ஒரு புறா தொண்டையை உருட்டியது.
எடுத்துவிட்டேன்.
பதினொன்னுக்கே நிக்கும்டா.
சேமலை கண்ணைத் திறந்து பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.

பில்லில் போல்ட் பன்னிரண்டு என்றுதான் எழுதினேன்.

ஆடி பிறந்துவிட்டது.
பாலக்காட்டுக் கணவாயில் புகுந்த காற்று
செல்வபுரத்தில் என் வீட்டுத் தகரத்தைப் புரட்டுகிறது.
ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.
மிச்சப் போல்ட் சாவிக்கொத்தோடு ஆணியில் தொங்குகிறது.
வேலைக்குப் போகும்போது சுற்றுதான் என்றாலும்
வண்டியை அந்த வீதி வழியாகவே விடுகிறேன்.

போர்டு கெட்டியாக நிற்கிறது, ஐம்பது சதவீதம் தள்ளுபடி.
சேலைக்கு நிற்கிற கூட்டத்தில் யாரும் நிமிரவில்லை.
காற்று வந்தால்
போல்ட் இல்லாத மூலை மட்டும் சுவரைத் தட்டுகிறது.
டக்.
கொஞ்சம் பொறுத்து, டக்.

ஒரு ரப்பர் வாஷர் கொடுத்தால் நின்றுவிடும்.
கொடுக்க வேண்டும்,
ஏணி எடுத்து வருகிற அன்றைக்கு.